'நிறுத்துங்க'ன்னு நர்ஸ் சொல்ல முடியுமா?

எங்க ஆபீஸ்ல டெஸ்ட் ஃபெயில் ஆனா, நேத்து சேர்ந்த பையன்கூட ரிலீஸை நிறுத்தலாம்.

2001-ல அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஐசியூவில், பெரிய ரத்தக்குழாயில் டியூப் போட பீட்டர் ப்ரோனோவோஸ்ட் ஒரு செக்லிஸ்ட் எழுதினார். கை கழுவுறது, தோலைக் கிருமிநாசினியால் துடைக்கிறதுன்னு அஞ்சே படி. முதல் மாசம் நர்ஸ்கள் கவனிக்க மட்டும் செய்தார்கள்: மூணுல ஒரு பங்குக்கும் மேலான நோயாளிகளிடம் டாக்டர்கள் ஏதோ ஒரு படியை விட்டிருந்தார்கள். அப்புறம்தான், படி தவறினால் நர்ஸே நிறுத்தலாம், நிர்வாகம் துணை நிற்கும் என்றானது. ஒரு வருஷத்தில் அந்தத் தொற்று 11 சதவீதத்திலிருந்து பூஜ்யம்!

போன வருஷம் அப்பா ஐசியூவில் இருந்தப்போ, கை கழுவாம வந்த டாக்டரை நர்ஸக்கா பார்த்தாங்க, பேசல. தொற்றுத் தடுப்பு ட்ரெயினிங் முடிச்சவங்கதான். அப்புறம் கேட்டேன்.

"அவர்கிட்ட நான் எப்படித் தம்பி சொல்றது?"