எங்கட ராணி ஆர்?

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் பேசியது)



நான் ஏ.எல்.லோட படிப்பை விட்டவன். லண்டனில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. எனக்கு மேடைப்பேச்சும் தெரியாது, சங்கீதமும் தெரியாது. என்றாலும் ஒரு சங்கீதக் கதைதான் சொல்ல வந்திருக்கிறன்.

என்னோடு வேலை செய்யிற பார்படோஸ்காரர் ஒருவர் தேத்தண்ணி நேரத்தில ஒரு ஜாஸ் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். 'சன்ஸ் ஒப் கெமெட்' என்ற குழு. ஒரு சாக்ஸபோன், ஒரு டியூபா, இரண்டு ட்ரம்ஸ், அவ்வளவுதான். எங்கட தவில் சமா மாதிரி நெஞ்சுக்குள்ள இடிக்குது.

அதை நடத்தியவர் சபாகா ஹட்சிங்ஸ். 1984இல் லண்டனில் பிறந்து, 6 வயதில் பார்படோஸ் போய், அங்கே கிளாரினெட் பழகி, 16 வயதில் இங்கிலாந்து திரும்பியவர். 2011இல் தொடங்கிய அந்தக் குழு 2022இல் நின்றது. பிறகு சாக்ஸபோனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஜப்பானிய மூங்கில் குழலைக் கையில் எடுத்தார். 2024இல் வந்த அவருடைய இசைத்தட்டில் குழல்கள்தான் முன்னுக்கு நிற்கின்றன.

நான் கேட்டது 2018இல் வெளிவந்தது. அதில் 9 உருப்படிகள். ஒவ்வொன்றுக்கும் 'என் ராணி' என்று ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர். அடிமைகளை விடுதலைக்கு அழைத்துச் சென்ற ஹரியட் டப்மன் இருக்கிறா. 1993இல் லண்டன் பஸ் தரிப்பிடத்தில் இனவெறியர்கள் கொன்ற ஸ்டீபனின் தாய் டொரீன் லோரன்ஸ் இருக்கிறா. ஆனால் முதலாவது பெயர் அடா ஈஸ்ட்மன். அவ சபாகாவின் பூட்டி.

விடிய வீட்டுக்கு வந்து மகனுக்குச் சொன்னன். அவன் உடனே, "அப்பா, உங்கட பூட்டியின்ர பேர் என்ன?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியேல்லை. பாஸ்போர்ட் இலக்கம், விசாக் கடித இலக்கம் எல்லாம் பாடம். பூட்டியின்ர பேர் தெரியாது.

ஊருக்கு போன் எடுத்துப் பெரியம்மாவிட்டக் கேட்டன். அவ கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு பேரைச் சொன்னா. இளம் வயதிலே தாலி இழந்து, இடியப்பம் அவித்து வித்து, நாலு பிள்ளைகளை வளர்த்தவவாம். "இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கேல்லையடா தம்பி" என்றா.

பெரியம்மாவுக்கு இப்ப 80 தாண்டிவிட்டது. நான் பிந்தியிருந்தால் அந்தப் பேர் அவவோடயே போயிருக்கும்.

அன்பான உறவுகளே, இண்டைக்குப் பலகாரம் சாப்பிட்டு வீட்டுக்குப் போனதும் ஊருக்கு ஒரு போன் எடுங்கோ. பேரைக் கேட்டு எழுதி வையுங்கோ. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ.