மீண்டும் மீண்டும் தோன்றும் பருக்கள்



யாழ்ப்பாணத்துத் தாய்மாரிடையே ஒரு வழக்கம் உண்டு. வைத்தியரிடம் சென்றால் தலையிடியையும் கைகால் உளைவையும் விரிவாக எடுத்துரைப்பர். எழுந்து புறப்படும் வேளையில், ‘இன்னுமொன்று, ஐயா…’ என்று தொடங்கிவிட்டு, சொல்லாமலே திரும்பிவிடுவர். அவ்வாறு சொல்லாமல் விடப்படும் நோய்களுள் ஒன்று, பிறப்புறுப்பிலே தோன்றி, மாறி, மறுபடியும் தோன்றும் பருக்களும் கட்டிகளுமாகும். அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

செம்பாட்டுத் தோட்டத்திலே கோரை பிடுங்கிய கமக்காரர் ஓர் உண்மையை அறிவர். மேலுள்ள புல்லைச் செதுக்கினாற் போதாது. கிழங்கு மண்ணுள்ளே கிடக்கும்வரை அது மீண்டும் முளைக்கும். திரும்பத் திரும்ப வரும் பருவுக்கும் அத்தகைய ஒரு கிழங்கு உண்டு. அது யாதென்று அறிவதே சிகிச்சையின் முதற்படி.

பெரும்பாலும் காணப்படுவது மயிர்க்கால் அழற்சி. மயிரை மழிப்பதாலும், இறுக்கமான நைலோன் உள்ளாடையினாலும், வியர்வையினாலும் மயிர்க்கால்கள் புண்பட்டுச் சீழ்கொள்ளும். காரணம் நீங்கினால் பருவும் நீங்கும். நீங்காது கட்டிகள் அடுத்தடுத்து வருமாயின், இரத்தத்திலே சர்க்கரையின் அளவைச் சோதிப்பித்தல் வேண்டும். நீரிழிவின் முதல் அறிகுறி சிலருக்கு இதுவேயாம். அரையிடுக்கிலும் அக்குளிலும் நோவுள்ள கட்டிகள் மாறிமாறி வந்து தழும்பு விடுவது வேறொரு நோய். அது தொற்றுவதுமன்று, அழுக்கினால் வருவதுமன்று.

யோனிவாயிலின் இருமருங்கும் பயறளவான இரு சுரப்பிகள் உள்ளன. 1677ஆம் ஆண்டில் அவற்றை விவரித்த டென்மார்க்கு நாட்டு அறிஞர் பார்த்தோலினின் பெயராலேயே அவை வழங்குகின்றன. சுரப்பியின் குழாய் அடைபட்டால் ஒருபக்கத்திலே வீக்கம் தோன்றும். வெறுமனே கீறிவிட்டால் வாய் மூடி மீண்டும் வீங்குவதுண்டு. ஆகவே, திறந்த வாய் மூடாதிருக்கும்படி விளிம்பைத் தைத்துவிடும் சத்திரசிகிச்சையும் செய்யப்படுகின்றது.

சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி, எரிந்து, உடைந்து, ஆறி, காய்ச்சலோ களைப்போ மாதவிலக்கோ வரும்போது அதேயிடத்தில் மறுபடியும் தோன்றினால், அது ஹேர்ப்பீஸ் என்னும் வைரசுத் தொற்றாக இருக்கலாம். அந்த வைரசு நரம்பின் முடிச்சிலே உறங்கிக் கிடக்கும். அதனை முற்றாக ஒழிக்கும் மருந்து இல்லை. ஆயினும் அசைக்குளோவிர் போன்ற மருந்துகள் அதன் வேகத்தை அடக்கும். இது கலவியாற் பரவுவது மெய்யே. எனினும், தொற்றியபின் பல்லாண்டு வெளிப்படாமலும் இருக்கக்கூடுமாதலின், இன்று தோன்றிய கொப்புளம் நேற்றைய ஒழுக்கத்திற்குச் சாட்சியாகாது. இதனை அறியாமையால் எத்தனையோ இல்லங்களிலே நம்பிக்கை குலையக்கூடும். கணவன்மாரும் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

நோவின்றிப் பூக்கோவாபோல வளர்பவை பாலுண்ணிகள். பப்பிலோமா வைரசினால் உண்டாகும் இவை, அகற்றியபின்னும் திரும்பலாம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை விளைவிப்பவை பெரும்பாலும் இவ்வைரசின் வேறு இனங்களே. இலங்கையிலே 2017ஆம் ஆண்டு முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்கு இவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி ஏற்றப்படுகின்றது. பெற்றோர் அதனைத் தவறவிடலாகாது.

இவையன்றி, இருபுறமும் ஒத்து, நோவோ மாற்றமோ இன்றிக் காணப்படும் நுண்ணிய புள்ளிகள் இயல்பானவை. அவற்றுக்கு மருந்து வேண்டியதில்லை.

பருவைப் பிதுக்குதலும், சுண்ணாம்பு பூசுதலும், மருந்துக்கடையிலே கேட்டுவாங்கிய களிம்பைத் தடவுதலும் தீங்கே தரும். காய்ச்சலுடன் விரைந்து பெருக்கும் வீக்கமும், சில வாரங்களாகியும் ஆறாத புண்ணும், இரத்தக் கசிவும், நாற்பது வயதின்பின் புதிதாய்த் தோன்றும் கட்டியும் தாமதத்தைப் பொறா. கர்ப்பவதியாயின், கொப்புளம் கண்டதை மருத்துவ மாதிடமும் வைத்தியரிடமும் அவசியம் சொல்லுங்கள். பேற்றுக்காலத்திலே அது குழந்தைக்குத் தொற்றக்கூடும்.

1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயிலே தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பிரசவ வைத்திய நூலையும் தமிழில் வெளியிட்டார். 1898இல் இணுவிலிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென ஒரு வைத்தியசாலை எழுந்தது. பெண்ணின் உடலைப் பற்றிப் பேசத் தமிழிலே சொல் இல்லையென்று இம்மண்ணில் எவரும் சொல்ல முடியாது. இன்றோ, 1996ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் நடைபெறுகின்றன. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலே பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையமும் உண்டு. அங்கே சிகிச்சை இலவசம், இரகசியம் பேணப்படும்.

ஆகவே, சகோதரிகளே, பரு எவ்விடத்திலே, எப்பொழுது, எவ்வாறு தோன்றுகின்றது என்பதை ஒரு தாளிலே குறித்துக்கொள்ளுங்கள். கூடுமாயின் அது இருக்கும்போதே வைத்தியரிடம் செல்லுங்கள். வாயாற் சொல்ல நாணமாயின், அத்தாளை நீட்டினாலும் போதும். தலையிடியைப் பின்னர்ச் சொல்லலாம். இதனை முதலிலே சொல்லுங்கள்.