வளரும் உடலும் ஒருநாள் தேர்வும்

மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும், மாமல்லபுரத்தில் எஃப்சி மெட்ராஸ் கால்பந்துப் பயிற்சி மையமும் அமைந்திருப்பதால், திறமையுள்ள சிறுவரை எப்படி இனங்காண்பது என்ற கேள்வி செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மிகவும் நெருக்கமானது.

உடற்தகுதித் தேர்வுகளில் பரவலாக அறியப்பட்டது பீப் ஓட்டம். 20 மீட்டர் இடைவெளியிலுள்ள இரண்டு கோடுகளுக்கிடையே ஒலிக்குறிப்புக்கு ஏற்ப ஓட வேண்டும். குறிப்புகளின் இடைவெளி குறையக் குறைய வேகம் கூடிக்கொண்டே போகும். டென்மார்க் ஆய்வாளர் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கிய யோ-யோ தேர்விலோ, ஒவ்வொரு 40 மீட்டருக்கும் பின் 10 விநாடி இளைப்பாறல் உண்டு. பாய்ந்து, நின்று, மீண்டும் பாயும் கால்பந்துக்கு இதுவே அதிகம் பொருந்துகிறது.

ஆயினும் இந்த எண்கள் அன்றைய உடலைத்தான் சொல்கின்றன, நாளைய ஆட்டக்காரரை அல்ல. ஆண்பிள்ளைகள் சராசரியாக 14 வயதை ஒட்டி மிக வேகமாக உயர்கிறார்கள். அந்த வளர்ச்சி சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் முந்தியும் சிலருக்குப் பிந்தியும் வருகிறது. முந்தி வளர்ந்தவர் 30 மீட்டர் ஓட்டத்தில் வெல்வதைத் திறமை என்று எண்ணிவிட்டு, பந்தை அழகாகக் கையாளும் குட்டையான சிறுவனை அன்றே வீட்டுக்கு அனுப்புவது பெரும் அநீதி. ஜனவரி முதல் நாளைக் கொண்டு வயதுப்பிரிவு வகுக்கப்படும்போது, டிசம்பரில் பிறந்தவர் ஏறக்குறைய ஓராண்டு மூத்தவரோடு போட்டியிட நேர்கிறது.

நிலமும் கணக்கில் சேரும். தேவனேரி, கொக்கிலமேடு போன்ற கடலோர ஊர்களின் மணலில் வெறுங்காலோடு பந்தாடிய சிறுவனுக்குப் பாதம் புதையும் தரைதான் பழக்கம்; முதல்முறையாக பூட்ஸ் மாட்டிக்கொண்டு புல்தரையில் கோட்டருகே சட்டென்று திரும்பும்போது அவன் கால் தடுமாறுவது இயல்பு. கடற்கரையின் புழுக்கத்தில் காலை ஏழு மணிக்கு ஓடியவரையும் பத்து மணிக்கு ஓடியவரையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவதும் சரியாகாது.

சிறுவனின் வளர்ச்சிக் கட்டத்தை அறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு மரமுக்காலியில் முதுகு சுவரில் படும்படி சிறுவனை உட்காரவைத்து, இருக்கையிலிருந்து உச்சந்தலைவரை அளப்பது ‘அமர்ந்த உயரம்’. அதை நின்ற உயரம், எடை, வயது ஆகியவற்றோடு சேர்த்தால், வேக வளர்ச்சிக் கட்டம் இனிமேல் வருமா, கடந்துவிட்டதா என்பதை ஏறத்தாழக் கணிக்கலாம். மதிப்பெண் தாளில் அந்த அளவுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி, ஆறு மாதம் கழித்து அதே மைதானத்தில் அதே காலைப்பொழுதில் மறுதேர்வுக்கு வரவேண்டிய தேதியையும் எழுதிச் சிறுவன் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.