பை காக்கும் அப்பாரு

(தலைப்பு: விடுமுறைச் சுற்றுலாவில் குடும்பத்துக்கு நிறைவு தருவது கேளிக்கைப் பூங்காவா? கடற்கரையா? அருங்காட்சியகமா? ‘அருங்காட்சியகமே’ என்ற அணியில் பேசியது.)

தண்ணீர்ச் சறுக்கில் வழுக்கிக்கொண்டே மேடைக்கு வந்திருக்கிற பூங்கா அணித் தோழர்களே! காலில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் வந்து உட்கார்ந்திருக்கிற கடற்கரை அணித் தோழியரே! பள்ளிக்கூடம் விட்டாச்சு, இந்தப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று தெரியாமல், சரி, பட்டிமன்றத்துக்காவது போவோம் என்று வந்திருக்கிற பெருமக்களே!

நடுவர் அவர்களே, பூங்கா அணித் தலைவர் எழுந்ததும் குழந்தைகள் எல்லாம் கை தட்டினார்கள். கடற்கரை அணித் தலைவி எழுந்ததும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கை தட்டினார்கள். ‘அருங்காட்சியகமே’ என்று என் பெயரைச் சொன்னீர்களே, அப்போது யார் தட்டினார்கள்? ஒரே ஒருத்தர். அதுவும் கொசு அடித்தார்! (சிரிப்பு)

எங்கள் அணியின் நிலைமை அப்படி. 1851-இல் தொடங்கி, இப்போது சென்னை எழும்பூரில் நிற்கிற பெரிய அருங்காட்சியகம் இருக்கிறதே, அதற்கு அந்தக் காலத்து மக்கள் வைத்த பேர் என்ன தெரியுமா? ‘செத்த காலேஜ்’! 1855-இல் அந்த வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலையும் வைத்தார்கள். அது ‘உயிர் காலேஜ்’. புலி உயிரோடு உலாத்தினால் உயிர் காலேஜ். பாடம் பண்ணி நிறுத்தினால் செத்த காலேஜ். நான் முப்பது வருஷமாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற வகுப்பைப் பார்க்கிறபோது, நான் வேலை பார்ப்பது எந்தக் காலேஜ் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2016-ஆம் வருஷம், ஏப்ரல் மாதம். எங்கள் வீட்டில் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகிற கூட்டம் நடந்தது. பையனுக்கு அப்போது பதினோரு வயது. ‘தண்ணிப் பார்க்தான் போகணும், என் கிளாஸ்ல எல்லாரும் போயிட்டு வந்துட்டாங்க’ என்றான். என் வீட்டம்மா, ‘ஏனுங்க, கோயமுத்தூர்க்காரியாப் பொறந்ததுக்கு ஒரு சமுத்திரம் உண்டா? கன்னியாகுமரி போயித்தான் ஆகோணும்’ என்றார்கள். நான் நோட்டுப் புத்தகத்தில் செலவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கொங்கு நாட்டுக்காரன் சுற்றுலாவை வரைபடத்தில் தொடங்க மாட்டான். கணக்கு நோட்டில்தான் தொடங்குவான்!

அந்தக் கூட்டத்தில் நாலாவதாக ஒருத்தர் இருந்தார். என் தகப்பனார். அப்போது எண்பது வயது. எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவரை ‘அப்பாரு’ என்போம். என் பையனுக்கு அப்பாரு. எங்கே போக ஆசை என்று அவரை யாராவது கேட்டோமா? கேட்கவில்லை. அவராகவே சொன்னார், ‘நா எதுக்குங் சாமி? நீங்க போயிட்டு வாங்க. நா ஊட்டைப் பாத்துக்கறேன்.’

பெருமக்களே, உங்கள் வீட்டிலும் இந்தக் குரல் கேட்டிருக்கும். அது வர இஷ்டமில்லாதவர் குரல் அல்ல. தான் வந்தால் சுமையாகிவிடுவோமோ என்று பயப்படுகிறவர் குரல். கட்டாயப்படுத்தித்தான் கூட்டிப் போனோம்.

முதலில் பூங்கா. பூங்கா அணித் தோழர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பூங்கா நல்ல பூங்காதான். பையன் சறுக்கினான். நான் ஒரு தடவை சறுக்கினேன். பாதி வழியில் என் முனைவர் பட்டம் கழன்று விழுந்தது போல் இருந்தது! (சிரிப்பு) வீட்டம்மா அலைக்குளத்தில் நின்றார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளியே வந்து பார்த்தால், காலையில் உட்கார வைத்த அதே பெஞ்சில் என் தகப்பனார். மடியில் இரண்டு பை, பக்கத்தில் மூன்று பை, கையில் எங்கள் நாலு பேர் செல்போன், கழுத்தில் என் பையனுடைய துண்டு. ஏழு மணி நேரம். நுழைவுச் சீட்டு அவருக்கும் வாங்கினோம் ஐயா! பணம் கொடுத்து உள்ளே கூட்டிப் போய், பையைக் காக்க வைத்தோம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இந்தப் பூங்காக்களுக்கெல்லாம் முன்னோடி, அமெரிக்காவில் 1955 ஜூலை 17-ஆம் தேதி திறந்த டிஸ்னிலேண்ட். வால்ட் டிஸ்னிக்கு அந்த எண்ணம் எப்படி வந்தது? லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் தன் இரண்டு பெண் பிள்ளைகளைக் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டு, அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாராம். பிள்ளைகள் மட்டும் ஆடுகிறார்கள், பெற்றவன் சும்மா உட்கார்ந்திருக்கிறானே, எல்லோரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டாமா என்று நினைத்தாராம். அவரே சொன்ன செய்தி இது. அந்தப் பெஞ்சை ஒழிக்கத்தான் ஐயா பூங்காவே பிறந்தது! இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் அப்பாரு அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. (கைதட்டல்)

அடுத்தது கடற்கரை. கடலைப் பழித்துப் பேச எனக்கு வாய் வராது. கோயமுத்தூரில் கடல் இல்லாவிட்டாலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடல் எங்களுக்குக் காற்றை அனுப்புகிறது. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. கன்னியாகுமரிக்குப் போனோம். வீட்டம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. என் தகப்பனாரும் காலை நனைத்தார். எவ்வளவு நேரம்? இரண்டு நிமிஷம். முட்டி வலி. அப்புறம் மணலில் உட்கார்ந்துகொண்டார். எதைக் காத்தார்? செருப்பை! பூங்காவில் பை, கடற்கரையில் செருப்பு. பதவி இறங்கிவிட்டது பாருங்கள்!

அங்கே 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறந்து வைத்த வள்ளுவர் சிலை நிற்கிறது. ‘அப்பா, எவ்வளவு உயரம்?’ என்றான் பையன். 133 அடி என்றேன். ‘ஏன் 133?’ என்றான். குறளுக்கு 133 அதிகாரம். பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். மேலே சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரம் என்று சொன்னதும், பையன் கடலை விட்டுவிட்டுச் சிலையையே பார்த்தான். கடற்கரை அணித் தோழியரே, உங்கள் கடற்கரையிலேயே அவன் கண்ணை நிறுத்தியது எது? கேள்வி கேட்க வைக்கிற ஒரு பொருள். அது எங்கள் கட்சி!

ஊர் திரும்பினோம். லீவில் ஒரு நாள் மிச்சம், கையில் காசு மிச்சமில்லை. ‘சரி, பக்கத்தில் எங்கேயாவது’ என்று கிளம்பினோம். பீளமேட்டிலிருந்து அதே அவினாசி ரோட்டில் மேற்கே போனால் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-இல் திறந்த கார் அருங்காட்சியகம். நாயுடு அவர்கள் 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டித் தொழிலை ஆரம்பித்தவர். இன்றைக்கு 2025 அக்டோபரில் திறந்த பத்துக் கிலோமீட்டர் பாலத்துக்கு அவர் பேர். பாலத்தில் பறக்கிறோம். அந்தப் பேருக்கு உரியவர் யார் என்று வண்டியில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்கிறோமா?

உள்ளே போனோம். வரிசையாகப் பழைய கார்கள். நான் அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டே போகிறேன். தமிழ் வாத்தியார் வேறென்ன செய்வான்? திரும்பிப் பார்த்தால் தகப்பனாரைக் காணோம். ஒரு பழைய வண்டிக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். மடியில் பை இல்லை. பையைப் பையன் கையில் கொடுத்துவிட்டார்!

‘இங்க பாரு சாமி, இந்த ஓட்டை எதுக்குன்னு தெரியுமா? இதுல கைப்பிடியைச் சொருகிச் சுத்துனாத்தான் எஞ்சின் எந்திரிக்கும்.’ பையன், ‘சாவி இல்லையா அப்பாரு?’ என்றான். ‘சாவி இருக்கும் கண்ணு. பேட்டரி எறங்கிப் போனா சாவி என்ன பண்ணும்? பிடிக்கறதுக்கு ஒரு முறை இருக்குது. கட்டை விரலை மடக்கிப் பிடிக்கக் கூடாது. மத்த நாலு விரலோட சேத்து ஒரே பக்கமா வெச்சுக்கோணும். கீழ அமுக்கக் கூடாது, மேல இழுக்கோணும். பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்குள்ள கரண்ட் முந்திக்கிச்சுன்னா, எஞ்சின் பின்னால ஒதைக்கும். மடக்கிப் பிடிச்சவன் கை போச்சு.’

சொல்லிவிட்டுத் தன் வலது கையை நீட்டினார். ‘பதினாறு வயசுல பஸ்ஸுல கிளீனர். அவசரத்துல மடக்கிப் பிடிச்சேன்.’

நடுவர் அவர்களே, என் தகப்பனாருக்கு வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அந்தக் கைதான் எனக்குச் சோறு ஊட்டியது. பீளமேட்டில் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடித்து, எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டியது. பிறவியிலேயே அப்படி என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். சங்க இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவன் நான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று ஆறு நாள் தேடியிருக்கிறேன். பக்கத்து அறையில் படுத்திருந்த மனுஷனின் கை ஏன் கோணல் என்று நாற்பத்தைந்து வருஷம் நான் கேட்கவில்லை ஐயா. ஒரு கார் கேட்க வைத்தது.

அமெரிக்காவில் 1912-லேயே காடிலாக் காரில் கைப்பிடி சுற்றாமல் கிளப்புகிற கருவி வந்துவிட்டது. அது எங்கள் அப்பா இருந்த பஸ்ஸுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தால் அந்தக் கை நேராக இருந்திருக்கும். தொழில்நுட்ப வரலாறு என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அது ஒரு பதினாறு வயதுப் பையனின் மணிக்கட்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நடுவர் அவர்கள் மணியைத் தொடுகிறார். இரண்டே நிமிஷம்.

அருங்காட்சியகம் சலிப்பு என்கிறீர்கள். சலிப்பு நாம் போகிற முறையில் இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, களைத்த பிள்ளையை இழுத்துக்கொண்டு, எல்லாக் கூடத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓடினால் சலிக்காமல் என்ன செய்யும்? காலையில் போங்கள். ஒரு மணி நேரம் போதும். ஆளுக்கு ஒரே ஒரு பொருள் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முதலில் தேர்ந்தெடுப்பவர் வீட்டுப் பெரியவராக இருக்கட்டும். தொடக் கூடாது என்பதுதான் பிள்ளைக்கு வருத்தமா? எங்கள் பீளமேட்டில் கொடிசியா ரோட்டில் மண்டல அறிவியல் மையம் இருக்கிறது. அங்கே தொட்டுத் திருகிப் பார்த்தே படிக்கலாம். ஆர்.எஸ். புரத்தில் 1902-இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. தென்பக்கம் போனால், 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம். அங்கே இருக்கிற பானையைப் பார்த்துவிட்டு, ‘எங்க ஆத்தா ஊட்டுல இது மாதிரி ஒண்ணு இருந்துச்சு’ என்று உங்கள் அம்மா ஆரம்பித்தால், தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.

பூங்காவுக்கும் போங்கள், கடலுக்கும் போங்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் திட்டம் போடுகிற நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: பையைக் காக்கிறவர் பேசுவதற்கு ஒரு நாள்.

என் தகப்பனார் 2019-இல் காலமானார். கிடத்தி வைத்துக் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டுகிறபோது, வலது கை ஒத்துழைக்கவில்லை. உறவுக்காரர் ஒருவர் கொஞ்சம் அழுத்தி நிமிர்த்தப் பார்த்தார். பதினாலு வயதுப் பையன், அதுவரை மூலையில் நின்றவன், முன்னால் வந்தான். ‘நிமித்தாதீங்க மாமா. அது எஞ்சின் ஒதைச்ச கை. அப்பாரு பதினாறு வயசுல பஸ்ஸுல கிளீனர்’ என்றான். அங்கே கூடியிருந்த அத்தனை பேரில், அந்தக் கையின் கதையைச் சொல்லத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, சொன்னவன் அவன்தான்.

தண்ணீரில் சறுக்கியதை அவன் இன்றைக்குப் பேசுவதில்லை. கடலை எப்போதாவது பேசுவான். அந்தக் கையைப் பற்றிப் பேசாத மாதம் இல்லை.

எனவே நடுவர் அவர்களே, குடும்பத்துக்கு நிறைவு தருவது எது என்று கேட்டீர்கள். குடும்பத்தில் ஒருவரும் பெஞ்சில் மிச்சம் இல்லாமல், எல்லோரும் எழுந்து வந்து நிற்கிற இடம் அருங்காட்சியகமே, அருங்காட்சியகமே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.