பிரேத அறைக் கதைகளும் வாசகர் தீர்ப்பும்

ஒரு கதைநூலை வாசித்து முடித்தவர் அதைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது எளிது. நன்று என்பார், அல்லது நன்றன்று என்பார். ஆனால் ஒரே கதாநாயகியைப் பற்றிய இருபத்தைந்துக்கு மேற்பட்ட நூல்களை, முப்பது ஆண்டுகளுக்கும் அதிகமான காலம் தொடர்ந்து வாசித்து வந்தவர் கூறும் தீர்ப்பு அவ்வளவு எளிதாக அமைவதில்லை. அவருடைய சொல்லிலே பாராட்டு இருக்கும், மனத்தாங்கல் இருக்கும், உறவினரின் குறையை எடுத்துரைப்பவருக்குரிய உரிமையும் இருக்கும். அமெரிக்க எழுத்தாளராகிய பற்றிசியா கோர்ன்வெல் எழுதிவரும் கே ஸ்கார்ப்பெற்றா நாவல் வரிசையின் வாசகர்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குகின்றனர்.

குற்றத்தை விஞ்ஞானத்தால் துலக்கும் கதை புதியதன்று. கொனன் டொயில் 1887இல் அறிமுகப்படுத்திய ஷெர்லக் ஹோம்ஸ் இரசாயனச் சோதனையில் ஈடுபாடு மிக்கவர். வைத்தியராகிய ஒஸ்டின் ஃபிறீமன் 1907இல் வெளியிட்ட 'சிவப்புப் பெருவிரல் அடையாளம்' என்னும் நாவலிலே கலாநிதி தோண்டைக் என்ற வைத்திய துப்பறிவாளர் தோன்றினார். விரலடையாளம் என்றால் மறுக்கவியலாத சாட்சியம் என்று உலகம் நம்பத் தொடங்கியிருந்த காலம் அது. அக்காலத்திலேயே, விரலடையாளத்தையும் போலியாகப் பதிக்கலாம் என்று அந்த நாவல் எச்சரித்தது. விஞ்ஞானத்தைப் போற்றிய அதே கதை விஞ்ஞானச் சான்றை ஆராயாமல் நம்பலாகாது என்றும் கூறியது. இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டே பின்வந்த கதைகளை நோக்குதல் வேண்டும்.

பற்றிசியா கோர்ன்வெல் முதலிலே பத்திரிகையொன்றில் குற்றச்செய்தி நிருபராகப் பணியாற்றியவர். பின்னர் வேர்ஜீனியா மாநிலத்தின் தலைமைச் சட்டவைத்திய அதிகாரியின் அலுவலகத்தில், விஞ்ஞான விடயங்களை எழுதுபவராகவும் கணினிப் பணியாளராகவும் சில ஆண்டுகள் வேலைபார்த்தார். பிரேத பரிசோதனை எவ்வாறு நடைபெறுகின்றது, எந்தச் சான்று எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படுகின்றது, அலுவலகத்துள் நிகழும் அதிகாரப் போட்டி எத்தகையது என்பவற்றையெல்லாம் அவர் அருகிருந்து கண்டார். அவ்வலுவலகத்திலே பணியாற்றி, 1994இல் தலைமைப் பதவிக்கு உயர்ந்த மார்செல்லா ஃபியெரோ என்ற பெண் வைத்தியரின் சாயலைக் கதாநாயகியிடம் காண்பவர் பலர். பல பதிப்பகத்தார் வேண்டாமென்று திருப்பியனுப்பிய முதல் நாவல் 1990இல் 'போஸ்ட்மோர்ட்டம்' என்னும் பெயரோடு வெளிவந்தது. அமெரிக்காவின் எட்கர் விருதும் இங்கிலாந்தின் கிறீசி விருதும் உட்பட, முதல் நாவலுக்குரிய பல விருதுகளை அந்நூல் ஒருங்கே பெற்றது.

வாசகர் உள்ளத்தை அந்நூல் கவர்ந்ததற்குக் காரணங்கள் உள. கதாநாயகி கைத்துப்பாக்கியை நம்பி வாழும் வீராங்கனை அல்லள். அவள் சட்டம் கற்றவள், வைத்தியம் கற்றவள், ஆண்களே அதிகாரம் செலுத்திய துறையிலே தலைமைப் பதவி வகிப்பவள். கதையை அவளே சொல்கிறாள். மேசைமீது கிடத்தப்பட்ட உடலை அவள் ஒரு பொருளாகக் கருதுவதில்லை. பேச இயலாத அந்த மனிதருக்காகப் பேசவேண்டிய கடமை தனக்குண்டு என்று கருதுகிறாள். முரட்டுத்தனம் மிக்க பொலிஸ் அதிகாரி பீற் மரினோ அவளோடு முரண்பட்டுக் கொண்டே அவளுக்குத் துணைநிற்கிறான். பத்து வயதுச் சிறுமியாகிய மருமகள் லூசி கணினியின் முன் அமர்ந்து பெரியவர்களை வியக்கச் செய்கிறாள். அன்பு, தனிமை, கடமை என்பன இருந்தமையாற்றான் ஆய்வுகூடச் செய்திகளும் வாசகர்க்குச் சுவைத்தன.

எனினும், முதல் நூலிலேயே மனம் நிறைவடையாதவரும் இருந்தனர். பழைய முறைத் துப்பறியும் கதைகளில் ஊறியவர்கள் அவர்கள். றொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வாசகர் கண்முன் தோன்றியிருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. 'போஸ்ட்மோர்ட்டம்' இவ்விதியைப் பொருட்படுத்தவில்லை. வாசகர் அறிந்த பாத்திரங்களுள் ஒருவரும் கொலைஞர் அல்லர் என்பது இறுதியில் வெளிப்படும்போது, ஏமாற்றப்பட்டதாகச் சிலர் எண்ணினர். நிகரற்ற உண்மை இதுவே என்று வேறு சிலர் எண்ணினர். அந்நியப் பெண்களைத் தேடிக் கொல்பவன் பெரும்பாலும் எவரும் அறியாத ஒருவனாகவே இருப்பான் என்பது அவர்கள் வாதம். ஒருசாரார் கதையிலே விளையாட்டின் நேர்மையை எதிர்பார்த்தனர். மற்றொருசாரார் வாழ்வின் நேர்மையை எதிர்பார்த்தனர். இரு சாராரும் ஒரே நூலைத்தான் வாசித்தனர்.

வரிசை வளர வளரக் கருத்து வேற்றுமையும் வளர்ந்தது. 1993இல் வெளிவந்த நாவல் இங்கிலாந்தின் தங்கக் குறுவாள் விருதைப் பெற்றது. 1994இல் வெளிவந்த 'உடற்பண்ணை' என்ற நாவல், மனித உடல் மண்ணிலும் வெளியிலும் எவ்வாறு சிதைகின்றது என்பதை ஆராயும் ரெனசி பல்கலைக்கழக நிலையத்தை உலகறியச் செய்தது. வாசகரிற் பெரும்பாலோர் வரிசையின் சிறந்த காலம் இதுவே என்பர். 1998இல் வெளியான நாவலிலே, கதாநாயகியின் காதலனாகிய பென்ரன் வெஸ்லி கொல்லப்படுகிறான். வாசகர் அவளோடு சேர்ந்து துயருற்றனர். ஆனால் 2003இல் வெளிவந்த நாவலில் அவன் உயிரோடு திரும்பினான். சிலர் மகிழ்ந்தனர். பலர் தாம் சிந்திய கண்ணீர் வீண்போயிற்று என்று சினந்தனர்.

இறந்தவரை எழுப்புவது கதையுலகில் முதன்முறை நிகழ்ந்ததன்று. 1893இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியிலே விழுத்திய கொனன் டொயில், வாசகரின் வற்புறுத்தல் நீங்காமையால் 1903இல் அவரை மீண்டும் உயிர்ப்பித்தார். அங்கே வாசகர் கேட்டதை ஆசிரியர் கொடுத்தார்; ஆகையால் முறைப்பாடு எழவில்லை. இங்கே துயரத்தை ஏற்று, அதனோடு வாழப் பழகியிருந்த வாசகர்க்கு அவர் கேளாத ஒன்று கொடுக்கப்பட்டது. மரணத்தைப் பற்றியே எழுதப்படும் ஒரு வரிசையில் மரணம் மாற்றக்கூடியதாகிவிட்டால், மற்றைய மரணங்களும் கனமிழந்து போகும் என்பதே அவர்களுடைய மனத்தாங்கலின் உட்பொருள்.

அதே 2003ஆம் ஆண்டு நாவலில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதுவரை தன் கதையைத் தானே கூறிவந்த கதாநாயகி வாய்மூடினாள். ஆசிரியரே படர்க்கையில் கதையைக் கூறலானார். இஃது இலக்கணம் சம்பந்தமான சிறு மாற்றம் என்று தோன்றலாம். ஆனால் விளைவு பெரிது. வைத்தியர் தாமே கதை சொல்லும்போது, கொடுமையை வாசகர் நேரிற் காண்பதில்லை. காயத்தைக் கண்டு, நாரிழையைக் கண்டு, நடந்ததை அவளோடு சேர்ந்து ஊகிக்கிறார். ஊகத்திலே இரக்கம் பிறக்கின்றது. படர்க்கைக் கதையோ கொலைஞனின் மனத்துக்குள்ளும் புகுந்துவிடுகின்றது. அங்கே கொடுமை காட்சியாக விரிகின்றது. விறுவிறுப்பு மிகுந்தது என்று இதனை வரவேற்றவர் உண்டு. நெஞ்சுக்கு நெருங்கிய குரல் ஒன்றை இழந்தோம் என்று வருந்தியவரும் உண்டு. 2010இல் வெளிவந்த நாவலில் ஆசிரியர் கதாநாயகியின் குரலை மீண்டும் அவளுக்கே அளித்தார்.

பாத்திரங்களின் நடத்தையும் விவாதத்துக்குள்ளாயிற்று. 2007இல் வெளிவந்த நாவலிலே, நெடுங்காலத் தோழனாகிய மரினோ குடிவெறியில் கதாநாயகிமீது வன்முறை புரிகிறான். அவனைத் தம் வீட்டு மனிதன்போற் கருதிய வாசகர் திகைத்தனர். அவன் குணத்துக்கு இது பொருந்தாது என்றனர் ஒருசாரார். அவனுடைய அடங்காக் கோபமும் நிறைவேறாத ஆசையும் முதல் நூலிலிருந்தே புலப்பட்டன அல்லவா என்றனர் மற்றையோர். சிறுமியாக இருந்த லூசி ஹெலிகொப்டர் ஓட்டும் பெருஞ் செல்வியாக வளர்ந்ததும், கதாநாயகியின் வயது மாத்திரம் ஆண்டுகளோடு சேர்ந்து ஏறாதிருந்ததும், மாண்டுபோன கொடியவள் ஒருத்தி மீண்டு வந்ததும் ஏளனத்துக்கு இடமளித்தன. முன்னர் யாரோ ஒருவரின் மரணத்துக்கு விடைதேடிய வைத்தியர், பின்னர் தன்னையே குறிவைக்கும் சதிகளின் நடுவே நின்றார் என்பதுதான் இக்குறைகளின் சாரம்.

ஆயினும், இத்துணை குறைகளைக் கண்டவர்களும் வாசிப்பதை நிறுத்தவில்லை. 2016இன் பின் ஐந்தாண்டுகள் புதிய நாவல் வரவில்லை. 2021இல் இருபத்தைந்தாவது நூலோடு கதாநாயகி தன் பழைய வேர்ஜீனியா மாநிலத்துக்குத் திரும்பியபோது, பழைய வாசகர்களும் அவளோடு திரும்பினர். இதனைப் பழக்கத்தின் வலிமை என்று ஒதுக்கிவிடலாகாது. நெடுநாள் நண்பரிடம் குறை காண்பதும் அவருடைய வரவை எதிர்பார்ப்பதும் ஒரே உள்ளத்தில் இயல்பாகவே நிகழ்கின்றன.

இவற்றினும் கனமான வினா ஒன்று உண்டு. பிறருடைய கொடிய மரணத்தை ஓய்வுநேரச் சுவைப் பொருளாக்கலாமா? 1987இல் வேர்ஜீனியாவின் தலைநகராகிய ரிச்மண்டில் பெண்கள் தம் இல்லங்களிலேயே கொல்லப்பட்டனர். அக்கொலைகளின் சாயல் 'போஸ்ட்மோர்ட்டம்' நாவலில் உண்டு என்பது பரவலான கருத்து. அவ்வழக்கிலே குற்றவாளியை இனங்காண மரபணுச் சோதனை பயன்பட்டது. அமெரிக்காவில் அச்சான்றைக் கொண்டு கொலைக்குற்றம் நிரூபிக்கப்பட்ட முதல் வழக்குகளுள் அஃது ஒன்று. அதே விசாரணையின் பயனாக, 1984இல் நிகழ்ந்த வேறொரு கொலைக்காகச் சிறையில் வாடிய நிரபராதி ஒருவர் 1989இல் மன்னிப்புப் பெற்று விடுதலையானார். உண்மை வாழ்விலே ஒரு சான்று சரியாக வாசிக்கப்படுவதும் தவறாக வாசிக்கப்படுவதும் மனித உயிர்களைப் பற்றிய காரியங்கள். அங்கே அடுத்த அத்தியாயம் என்று ஒன்று இல்லை.

கதையுலகின் ஆய்வுகூடம் ஒருபோதும் பிழை செய்வதில்லை. 2000ஆம் ஆண்டின் பின்னர் தொலைக்காட்சித் தொடர்களும் இந்த நம்பிக்கையைப் பரப்பின. ஆனால் 2009இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட அறிக்கை வேறுவிதமாகக் கூறியது. மரபணுச் சோதனை நீங்கலாக, ஒரு சான்றைக் குறிப்பிட்ட ஒரு மனிதரோடு ஐயமின்றித் தொடர்புபடுத்தும் ஆற்றல் மற்றைய முறைகளுக்கு உண்டு என்பது கண்டிப்பான ஆராய்ச்சியால் நிறுவப்படவில்லை என்பதே அதன் முடிவு. பற்தடமும் மயிரிழையும் ஒப்பிடப்பட்டுத் தண்டனை பெற்றோரிற் சிலர் பின்னர் குற்றமற்றவரெனக் காணப்பட்டனர். 1907இல் ஃபிறீமனின் நாவல் விடுத்த எச்சரிக்கையை ஒரு நூற்றாண்டின் பின் விஞ்ஞானிகளே உறுதிசெய்தனர் எனலாம்.

ஆகவே, இத்தகைய கதைகளைத் தள்ளவேண்டும் என்பது முடிவன்று. அவற்றை நிறுப்பதற்குரிய தராசு எது என்பதே கேள்வி. கொலைஞனின் தந்திரத்தை வியக்கவைக்கும் கதை ஓரிரவு தூக்கத்தைக் கெடுத்துவிட்டு மறைந்துபோகும். மேசைமீது கிடப்பவருக்கு ஒரு பெயரும், ஒரு தாயும், முடிக்காமல் விட்ட ஒரு காரியமும் இருந்தன என்பதை உணர்த்தும் கதை நிலைத்து நிற்கும். கோர்ன்வெல்லின் வரிசையிலே இரு வகையும் உள. வாசகரின் பாராட்டும் கண்டனமும் பெரும்பாலும் இந்த எல்லைக்கோட்டின் வழியேதான் செல்கின்றன. அவர்கள் வெவ்வேறு சொற்களிற் கூறினாலும், இறந்தவரை மறந்துவிட்ட பக்கங்களையே கடிந்தனர். நினைவில் வைத்த பக்கங்களையே பாராட்டினர். நூல்களைக் குறைகூறும் வாசகரை நன்றியற்றவர் என்று கருதும் எழுத்தாளர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. முப்பது ஆண்டுகளாக ஒரு கதாநாயகியின் நேர்மையைக் காத்துவருவதில் ஆசிரியருக்கு எவ்வளவு பங்குண்டோ, அவள் வழுவியபோதெல்லாம் சுட்டிக்காட்டிய வாசகருக்கும் அவ்வளவு பங்குண்டு.