வேலைக்குப் போகும் வழி

(பூந்தமல்லியில் கூடிய அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கம் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு உபகாரச் சம்பளம் அளித்து வருவதை யாவரும் அறிவீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், அக்கல்விக்கும் அதனால் வரும் ஜீவனத்திற்கும் இடையே கிடக்கும் சில மைல் தூரத்தைப் பற்றியது. பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்தும், தொழிற்சாலையில் வேலை கிடைத்தும், நாள்தோறும் அங்கே போய்ச் சேர வழியின்றி வீட்டோடு தங்கிவிடும் வாலிபர்கள் நம் கிராமங்களில் உளர். இவர்களைச் சோம்பேறிகள் என்பது நியாயமாகாது.

பூந்தமல்லியைச் சூழ்ந்த பிரதேசத்தில் தொழிலுக்குக் குறைவில்லை. வடக்கே அம்பத்தூரில் 1960-களில் தோன்றிய தொழிற்பேட்டையும், அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கின்றன. ஆவடியில் 1961-ல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மோட்டார் கார்கள் உற்பத்தியாகின்றன. ஆனால் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்ட இருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி மார்க்கமாகச் சென்றதேயன்றிப் பூந்தமல்லியைத் தொடவில்லை. அன்று முதல் நம் பக்கத்தார் சாலையையே நம்பி வாழ்ந்தனர். கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரை அமையும் சுமார் 26 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் பாதையின் ஒரு பகுதியில் 2025 மார்ச்சு மாதம் சோதனை ஓட்டம் நடந்தது. பட்டணம் செல்வோர்க்கு அது பெரும் நன்மையே. ஆயினும், நேமத்திலோ குத்தம்பாக்கத்திலோ உள்ள பிள்ளை முதலில் பூந்தமல்லி வந்து சேர வேண்டுமல்லவா?

இதைக் கேட்டு, "சர்க்கார் செய்ய வேண்டிய காரியத்தைச் சங்கம் ஏன் செய்ய வேண்டும்?" என்று சிலர் வினவலாம். சர்க்கார் செய்திருப்பதை மறுப்பதற்கில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கின்றனர். பள்ளி மாணவர்க்கும், அரசினர் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்க்கும் இலவசப் பாஸ் உண்டு. பேருந்து செல்லாத ஊர்களுக்கென 2025-ல் புதிய மினி பஸ் திட்டமும் தொடங்கப்பட்டது. எனினும் இரண்டு குறைகள் எஞ்சி நிற்கின்றன.

முதலாவது, நேரம். ஆலையின் முதல் ஷிப்டு காலை ஆறு மணிக்குத் தொடங்குமாயின், ஏழு மணிக்கு ஊருக்குள் வரும் பஸ் இலவசமாயினும் யாருக்குப் பயன்? பெரிய ஆலைகள் அனுப்பும் பஸ்கள் நெடுஞ்சாலையோடு செல்கின்றன. இருட்டில் நெடுஞ்சாலை வரை நடந்து வரவேண்டும் என்றால், பெற்றோர் தம் பெண்ணை அனுப்பத் தயங்குவது இயல்பே. இரண்டாவது, முதல் மாதம். சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். ஷேர் ஆட்டோவுக்கோ முதல் நாள் காலையிலேயே காசு வேண்டும். இந்த முப்பது நாளைக் கடக்க இயலாமல் கையில் கிடைத்த வேலையைக் கைவிடுவோர் உண்டு.

சிறு உதவியும் பெரும்பயன் தரும் என்பதற்குச் சான்றுகள் உள. புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-ஆம் ஆண்டையொட்டி, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு சைக்கிள் விடுவதையும் கிராமப் பெண்களுக்குக் கற்பித்தனர். ஆயிரக்கணக்கான பெண்கள், கல்லுடைக்கும் தொழிலாளிகள் உட்பட, சைக்கிள் ஏறினர். தண்ணீருக்கும், சந்தைக்கும், வேலைக்கும் பிறர் தயவின்றிச் சென்றனர். பீஹாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வழங்கப்பட்டது. அதனை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளாதார அறிஞர்கள், அவ்வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேருவது 32 சதவீதம் உயர்ந்ததென்றும், பள்ளி தொலைவிலிருந்த ஊர்களிலேயே பயன் மிகுந்ததென்றும் கண்டனர். இங்கிலாந்தின் கிராமாந்தரங்களிலோ, 'வீல்ஸ் டு ஒர்க்' என்னும் ஏற்பாட்டின்கீழ் வேலையில் சேரும் வாலிபர்க்குச் சிறு ஸ்கூட்டரைச் சில மாதங்களுக்குக் குறைந்த வாடகையில் தருகின்றனர். சொந்த வாகனம் வாங்கும் சக்தி வந்தபின், அந்த ஸ்கூட்டர் அடுத்தவரிடம் போகிறது.

இம்முறை நமக்கு முற்றும் பொருந்தும். ஆகவே மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். ஒன்று, கல்வி நிதியில் ஒரு பங்கைப் பிரயாண நிதியாக ஒதுக்கி, முதல் மாதச் செலவை வட்டியில்லாக் கடனாக அளிப்போம். இரண்டு, சில சைக்கிள்களையும், இன்ஷூரன்ஸ் செய்த சில ஸ்கூட்டர்களையும் வாங்கி, லைசென்ஸும் தலைக்கவசமும் உடையவர்க்கு மூன்று மாதத் தவணையில் இரவல் தருவோம். பொருள் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டா. அவ்வூர் அங்கத்தினர் இருவர் ஜாமீன் நிற்கட்டும். மூன்று, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் எந்த மணிக்கு எங்கே செல்ல வேண்டும் என்பதைக் கணக்கெடுத்து, பஸ் நேரத்தை மாற்றக் கோரி மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்தாரிடம் விண்ணப்பம் செய்வோம். வெறும் குறைகூறலைவிடக் கணக்கோடு கூடிய விண்ணப்பத்திற்கு மதிப்பு அதிகம். அதனால் வரும் பஸ்ஸில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் ஏறுவர். அது நமக்குப் பெருமையே.

மார்க்கு வாங்கிய பிள்ளைக்கு மேடையில் பரிசளிப்பது நல்ல வழக்கம். அதே பிள்ளை மறுநாள் காலை வேலைக்குப் போய்ச் சேர்ந்தானா என்று விசாரிப்பதும் நம் கடமையாகும். நிர்வாக சபையார் இதனை அடுத்த கூட்டத்திலேயே ஆலோசித்து முடிவு செய்யுமாறு வேண்டி, என் சிற்றுரையை முடித்துக்கொள்கிறேன்.