பெட்டியின் பெயரும் சொல்லின் பொறுப்பும்: துறைமுகத்தில் கொள்கலன்களைப் பின்தொடர்தல்



மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் துறைமுகத்துக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். துறைமுகம் பாரந்தூக்கிகளால் இயங்குவதாகவே நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அங்கே ஒரு பெட்டி அசைவதற்கு முன் ஒரு சொல் அசைகிறது; யாரோ ஒருவர் எழுதிய எண்ணை வேறொருவர் நம்புகிறார். எழுத்தின் மீதான அந்த நம்பிக்கையே இன்றைய உரையின் பொருள்.

2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்ட கொள்கலன்களை 20 அடிப் பெட்டியை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிட்டால் 41.1 மில்லியன் ஆகும். நாளொன்றுக்கு 110,000 அலகுகளுக்கும் மேல். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை நம் கடைகளுக்கு வருவன அல்ல. ஒரு கப்பலிலிருந்து இறங்கி, சில நாள் தங்கி, மற்றொரு கப்பலேறிச் செல்வன. உருவத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் இத்தனை பெட்டிகளுள் ஒன்றை எவ்வாறு அடையாளம் காண்பது?

மூட்டைக் காலமும் பெட்டிக் காலமும்

கொள்கலன் வருவதற்கு முன்னர்ச் சரக்கு மூட்டையாகவும் பீப்பாயாகவும் மரப்பெட்டியாகவும் வந்தது. தஞ்சோங் பகார்க் கப்பல் துறையில் அவற்றைத் தோளில் சுமந்தோருள் தமிழர் பலர். ஒவ்வொரு மூட்டையும் இறங்கும்போது எழுத்தர் ஒருவர் அருகில் நின்று எண்ணிக் குறித்துக்கொள்வார். அந்நாளில் சரக்கைக் கண் கண்டது, மூக்கும் அறிந்தது. மிளகு மூட்டையை மிளகு என்று எவரும் எழுதிக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி நிறுவன முதலாளி, ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1972 ஜூன் 23ஆம் நாள், நிஹோன் என்ற கப்பல் 300 கொள்கலன்களுடன் தஞ்சோங் பகாரில் வந்து நின்றது. சிங்கப்பூருக்கு வந்த முதல் கொள்கலன் கப்பல் அதுவே. அன்று முதல் சரக்கு எஃகுச் சுவருக்குள் மறைந்தது. கண் செய்த வேலையை எழுத்து ஏற்றுக்கொண்டது.

பதினோர் இடத்துப் பெயர்

ஒவ்வொரு கொள்கலனின் மீதும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு எண்களும் எழுதப்பட்டிருப்பதை விரைவுச்சாலையில் செல்லும்போது நீங்கள் கண்டிருப்பீர்கள். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிப்பன. பாரிஸில் உள்ள பன்னாட்டுக் கொள்கலன் அமைப்பிடம் பதிவு செய்யப்படுவன. நான்காவது எழுத்து பெட்டியின் வகையைச் சுட்டும். அடுத்த ஆறு எண்கள் வரிசை எண். இறுதி எண் தனித்து நிற்பது. அதைச் சரிபார்ப்பு எண் என்போம். தனக்கு முன்னுள்ள பத்து இடங்களும் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சொல்வதே அதன் தொழில்.

மாணவர்கள் தாளில் செய்து பார்க்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சி, எஸ், கியூ, யு என்னும் எழுத்துகளும் 305438 என்னும் எண்ணும் கொண்ட பெட்டி ஒன்று. எழுத்துகளுக்கு முறையே 13, 30, 28, 32 என்ற மதிப்புகள் விதிக்கப்பட்டுள்ளன. பத்து மதிப்புகளையும் இடமிருந்து வலமாக 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 6185 வரும். அதை 11ஆல் வகுக்க மீதி 3. அந்த 3தான் இறுதி எண். இனி, எழுதுபவர் கைதவறி 305438 என்பதை 304538 என்று மாற்றி எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 6249 ஆகும், மீதி 1. பெட்டியின் மீதோ 3 என்றிருக்கிறது. பிழை அங்கேயே பிடிபட்டுவிடும்.

தமிழாசிரியர்களுக்கு இம்முறை புதிதன்று. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டால் வெண்பாவில் தளை தட்டும், எதுகை பொருந்தாது. பதிப்பாசிரியர்கள் அதைக் கொண்டே பிழையான இடத்தை உணர்ந்தனர். யாப்பு ஓசைக்காக மட்டும் அமைந்ததன்று. பாடலைக் காக்கும் காவலாகவும் நின்றது. கொள்கலனின் இறுதி எண்ணும் அத்தகைய காவலே.

இருப்பிடமும் எழுத்தே

பெயருக்கு அடுத்தது இருப்பிடம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக மெல்பர்னுக்குச் செல்லும் 40 அடிப் பெட்டி ஒன்றைக் கருதுவோம். கப்பல் வந்து சேர்வதற்கு முன்பே அதன் அடுக்குத் திட்டம் மின்வழி வந்துவிடும். அதில் இப்பெட்டிக்கு 34, 04, 82 என்று குறித்திருந்தால் துறைமுகத்தார் ஒரு வாக்கியத்தைப் படிப்பதுபோல் படிப்பர். முதல் எண் கப்பலின் முன்பகுதியிலிருந்து எண்ணிவரும் இடம். அது இரட்டை எண்ணானால் 40 அடிப் பெட்டி. நடுவரி எண் இரட்டையானால் கப்பலின் இடப்பக்கம், ஒற்றையானால் வலப்பக்கம். 82 என்பது மேல்தளத்தின் முதல் அடுக்கு. உலகின் எந்தத் துறைமுகத்திலும் இதற்குப் பொருள் ஒன்றே.

கரையில் இறங்கிய பெட்டி அடுக்குத் தளத்துக்குச் செல்லும். அங்கும் அதற்கு ஒரு முகவரி உண்டு: எந்தப் பகுதி, எந்த வரிசை, எத்தனையாவது அடுக்கு. அடியில் இருக்கும் பெட்டி முதலில் தேவைப்பட்டால் மேலுள்ளவற்றை எல்லாம் அகற்றியாக வேண்டும். ஆகவே எந்தக் கப்பலில் ஏறும், எந்த ஊருக்குப் போகும், எடை எவ்வளவு என்பவற்றை முன்னறிந்தே இடம் ஒதுக்குகின்றனர். இப்பணிக்காக 1988ஆம் ஆண்டிலேயே இங்குக் கணினி முறை புகுத்தப்பட்டது. நுழைவாயிலில் லாரி நிற்கும்போது பெட்டியின் எண்ணைப் படக்கருவி படிக்கிறது; எங்கே செல்ல வேண்டும் என்ற செய்தி ஓட்டுநருக்குச் சேர்கிறது; இவையனைத்தும் 25 விநாடிகளுக்குள் முடிகின்றன. 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநரில்லா வாகனங்களே பெட்டிகளைச் சுமந்து செல்கின்றன.

இத்தனைக்கும் பிறகு நாம் மறக்கக்கூடாதது ஒன்றுண்டு. பெட்டியின் எண் பெட்டியைப் பற்றித்தான் பேசும்; பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

பெட்டிக்குள் இருப்பது

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பொதிகளை அளந்து, சோழனின் புலி இலச்சினை பொறித்து வைத்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அந்தப் புலி, ‘இதனை அரசனின் அலுவலர் பார்த்தார்’ என்பதற்குச் சான்று. இன்றைய கொள்கலன் எண் அவ்வாறானதன்று. அதை இட்டவர் பெட்டியின் உரிமையாளர். சரக்கு என்ன என்பதை அனுப்புபவர் எழுதித் தருகிறார். ஐயத்துக்கு இடமானவற்றைச் சுங்கத்துறை சோதிக்கிறது. ஏனையவை அவருடைய சொல்லின் வலிமையிலேயே கடல் கடக்கின்றன. எடை கூட அப்படித்தான் இருந்தது. தவறான எடையை நம்பி அடுக்கிய பெட்டிகள் சரிந்த அனுபவங்களுக்குப் பின், 2016 ஜூலை முதல் நாளிலிருந்து, ஏற்றுமுன் எடையைச் சரிபார்த்து அறிவிப்பது உலகெங்கும் கட்டாயமாக்கப்பட்டது.

எழுத்து சரியாக இருந்தாலும் போதுமா? சிங்கப்பூரில் பதிவு பெற்ற எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் கப்பலின் கதை இங்கு நினைக்கத்தக்கது. 2021 மே மாதம் அது 1,486 கொள்கலன்களுடன் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தது. அவற்றுள் நைட்ரிக் அமிலம் ஏற்றிய ஒரு பெட்டி முன்பே கசியத் தொடங்கியிருந்தது. கத்தாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசிரா துறைமுகத்திலும் அதை இறக்கக் கோரியபோது, கையாளும் வசதி உடனடியாக இல்லை என்று மறுக்கப்பட்டதாகக் கப்பல் நிறுவனம் பின்னர்த் தெரிவித்தது. மே 20ஆம் நாள் கப்பலில் தீ காணப்பட்டது. பல நாள் எரிந்து, ஜூன் மாதம் கப்பல் மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் இலங்கையின் மேற்குக் கரையெங்கும் மணலோடு மணலாகக் குவிந்தன. ஆமைகள் இறந்து ஒதுங்கின. நீர்கொழும்பு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கரையில் நின்றனர்.

அந்தப் பெட்டி தொலைந்துபோகவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு எண் இருந்தது. கப்பலில் அதன் இடம் தெரிந்திருந்தது. உள்ளிருப்பது அமிலம் என்பதும் ஏட்டில் இருந்தது. கசிகிறது என்பதும் கப்பலில் தெரிந்திருந்தது. பின்தொடர்தல் என்று நாம் சொல்லும் செயல் முழுமையாக நடந்தது. ‘இது இனி என் பொறுப்பு’ என்னும் ஒரு சொல் மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. விலையைக் கொடுத்தவர்களோ அந்த ஏட்டில் எந்த வரியிலும் இடம்பெறாதவர்கள்.

நிறைவாக

ஆசிரியர்கள் வகுப்பறையில் எழுத்துப்பிழையைத் திருத்தும்போது, இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று மாணவர் கேட்பதுண்டு. இரண்டு எண்கள் இடம் மாறினால் ஒரு பெட்டி வேறு கண்டம் போய்ச் சேரும் என்று அவர்களுக்குச் சொல்லலாம். நாம் எழுதுவதை நம்மை ஒருபோதும் காணாத ஒருவர் நம்பிச் செயல்படப்போகிறார் என்ற உணர்வே செம்மையான எழுத்தின் அடிப்படை.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல விரும்புகிறோம். உங்களுள் சிலர் நாளை துவாஸ் துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையில் அமரக்கூடும். பெட்டி எங்கே இருக்கிறது என்று திரை உங்களுக்குக் காட்டிவிடும். அதில் ஏதோ சரியில்லை என்று ஒரு செய்தி வரும் நாளில் என்ன செய்வது என்பதைத் திரை சொல்லாது. செய்தியை அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு அமைதியடைவதா, அதற்கு விடை கிடைக்கும்வரை விடாமல் நிற்பதா என்பதை நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்கும் மனத்தையும் சேர்த்தே மொழிக்கல்வி வளர்க்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.